எண்பது கப் டீயும் என் மனைவியின் மூட்டும்

ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சால்வையும், ஒரு சுவர்க் கடிகாரமும், ஒரு பெரிய பிளாஸ்க்கும் கிடைத்தன. தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் டீ மேக்கராக இருந்தவனுக்கு பிளாஸ்க் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ தெரியாது. ரொம்ப யோசித்திருப்பார்கள். மூன்றையும் சுமந்துகொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். என் மனைவி சால்வையைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க, இன்சூரன்சு என்னாச்சு?" என்றாள்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளுடைய வலது மூட்டு தேய்ந்துபோய் வெகுநாளாகியிருந்தது. அவள் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரி. வாய்க்கால் ஓரமாகச் சமதரையில் நடந்து வளர்ந்த மூட்டு அது. அதைக் கல்யாணம் என்ற பெயரில் கூட்டிக்கொண்டு வந்து மலையில் விட்டால் என்ன செய்யும்? ஊரில் நடப்பது என்றால் நடப்பதுதான். எங்கள் மலையில் நடப்பது என்றால் ஒன்று ஏறுவது, இல்லாவிட்டால் இறங்குவது. பால் வாங்கப் படி, ரேஷனுக்குப் படி, பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் உளுந்து கடன் கேட்கவும் படி.

கோயம்புத்தூர் டாக்டர் மூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். "ஆனா மொதல்ல சர்க்கரை எறங்கட்டும்மா, அப்புறம் கத்தி" என்றார். அவளும் சோற்றைக் குறைத்து, பலகாரத்தைப் பார்வையோடு நிறுத்தி, பொறுமையாகச் சர்க்கரையை இறக்கினாள். அது இறங்கி முடிந்த நேரம், நானும் வேலையிலிருந்து இறங்கிவிட்டேன்.

இங்கே இன்சூரன்ஸ் சங்கதியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்பெனி ஸ்டாஃப் எல்லாரையும் சேர்த்து ஒரு குரூப் பாலிசி எடுத்திருந்தது. வேலையில் இருக்கிறவரை நமக்கும் மனைவிக்கும் ஆஸ்பத்திரிச் செலவு அதில் போய்விடும். வேலை முடிந்தால் பாலிசியும் முடிந்தது. ஆனால் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓய்வு பெற்ற ஒரு மாதத்துக்குள் கேட்டுக்கொண்டால், பிரீமியத்தை நம் கையிலிருந்து கட்டி அதே பாலிசியைத் தொடரலாம். அப்படித் தொடர்ந்தால் மூட்டு மாற்று ஆபரேஷனை உடனே செய்துகொள்ளலாம். விட்டுவிட்டால் புதுப் பாலிசிதான். அதில் மூட்டுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

தொடர்வதற்கு ஒரே ஒரு நிபந்தனை: என் வயதுக்காரர்களை முதலில் ஒரு டாக்டர் பார்த்துச் சரி என்று எழுத வேண்டும். பாலிசியில் தலை நான். அவள் என்னோடு சேர்த்தி. அவளுடைய சர்க்கரையும் மூட்டும் பழைய பாலிசியிலேயே பதிவாகியிருந்ததால் அவளைப் பற்றிக் கேள்வி எதுவும் இல்லை. ஆக, மூட்டு அவளுடையது, பரீட்சை எனக்கு. நான் பள்ளிக்கூடத்திலேயே பரீட்சை எழுதிய லட்சணம் அவளுக்குத் தெரியாது, நல்ல வேளை.

"பேசாம போயி, கேட்டதுக்குப் பதில் சொல்லிப்போட்டு வாங்க" என்று அனுப்பினாள்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று சொல்வதற்கு முன்னால் என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீ மேக்கர் என்றால் டீக்கடையில் டீ ஆற்றுகிறவன் என்று கீழ்நாட்டு உறவினர்கள் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று என் மாமனாரே, "கடை சொந்தமுங்களா, வாடகைங்களா?" என்று விசாரித்தார். தோட்டத்துக் கொழுந்து ஃபேக்டரிக்குள் வந்ததிலிருந்து தூளாகி மூட்டையில் ஏறுகிற வரைக்கும் அதற்குப் பொறுப்பானவன்தான் டீ மேக்கர். உலர்த்துகிற அடுப்பிலிருந்து தூள் வர வர, ஒவ்வொரு முறைக்கும் கொஞ்சம் எடுத்து, வரிசையாக வெள்ளைக் கோப்பைகளில் வடித்து, ருசி பார்க்க வேண்டும். கரண்டியில் எடுத்து, சர்ரென்று சத்தம் வருகிற மாதிரி உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, பக்கத்தில் உள்ள தகரத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போக வேண்டும். முழுங்கக் கூடாது. முழுங்கினால் பத்தாவது கோப்பைக்குள் நாக்கு மரத்துப்போகும். அப்புறம் வைக்கோலைக் காய்ச்சிக் கொடுத்தாலும் 'பேஷ்' என்றுதான் சொல்வோம்.

துப்புகிற விஷயம் மலையில் எல்லாருக்கும் தெரியும். கொழுந்து பறிக்கிற அம்மாக்களுக்குத் தெரியும், லாரி டிரைவருக்குத் தெரியும். தெரிந்ததை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? அங்கேதான் மாட்டினேன்.

இன்சூரன்ஸ்காரர்கள் அனுப்பிய பரிசோதனை நிலையம் குன்னூரில் ஒரு மாடியில் இருந்தது. டாக்டர் இளம்பெண். சென்னையிலிருந்து வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. அறைக்குள்ளேயும் கம்பளிக் குல்லாவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குப் புது ஆளைப் பார்த்தால் சிரிக்க வைக்காமல் இருக்க முடியாது. பிறவிக் கோளாறு. அதற்கு எந்தப் பாலிசியிலும் வைத்தியம் கிடையாது.

"சிகரெட் பழக்கம் உண்டா?"

"இல்லீங்க டாக்டர். நாக்குக் கெட்டுப் போயிரும்."

"மது?"

"அதுவும் இல்லீங்க. ஊட்டுல சோறு கெடைக்காது."

"டீ, காபி எத்தனை குடிப்பீங்க?"

எண்ணிக்கை கேட்டதும் எனக்குள் இருந்த தொழில்காரன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"டீங்களா? கொழுந்து நல்லா வர்ற சீசன்ல நாளொண்ணுக்கு எண்பது கப்பு ஓடுமுங்க."

பேனா நின்றது. "எண்பதா?"

"மழைக் காலத்துல கொறைஞ்சுரும். அம்பதோட நிறுத்திக்குவேன்."

டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார். மதிப்பு கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிப்பீங்க?"

"ஃபேக்டரி ஓடற அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே மொதக் கப்பு."

"தூக்கம்?"

"சீசன்ல தூக்கமாவது ஒண்ணாவதுங்க!"

"கை நடுக்கம் இருக்கா?"

"மேனேஜர் கூப்பிட்டா நடுங்குமுங்க."

அவர் சிரிக்கவில்லை. எழுதினார். "இதை நிறுத்தணும்னு எப்பவாவது முயற்சி பண்ணியிருக்கீங்களா?"

"நானா எங்கீங்க நிறுத்தினேன்? அவங்களாத்தான் நிறுத்திப்போட்டாங்க. அம்பத்தெட்டு ஆயிருச்சில்லீங்களா."

"நிறுத்தினதுக்கப்புறம் எப்படி இருக்கு?"

இந்தக் கேள்வி என்னை உருக்கிவிட்டது. ஓய்வுக்குப் பிறகு யாருமே அப்படி அக்கறையாகக் கேட்கவில்லை. "காலையில எந்திரிச்சா கையும் ஓடறதில்லை, காலும் ஓடறதில்லைங்க. வாயி சும்மா நமநமங்குது" என்றேன். மனசைத் திறந்து பேசிவிட்டோம் என்ற நிம்மதியோடு ரத்த அழுத்தத்துக்குக் கையை நீட்டினேன். அதுவும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏறியே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"நல்ல பொண்ணு. ரொம்ப நேரம் பேசிட்டிருந்தோம்."

"பேசினீங்களா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு என்னமோ தட்டுப்பட்டுவிட்டது.

நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கட்டபெட்டில் வாடகை வீட்டுக்கு மாறி, பாத்திரங்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குன்னூர் கம்பெனி ஆபீஸில் இந்த வேலைகளைப் பார்க்கிற பெண். பாத்திரம் தேய்த்த சாம்பல் கையெல்லாம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அது இரண்டாவது தப்பு.

"சார், உங்க பாலிசியைத் தொடர முடியாதுன்னு சொல்றாங்க சார். டாக்டர் ரிப்போர்ட் சரியில்லையாம்."

"ஏம்மா, நெஞ்சுல ஏதாச்சுமா?"

"இல்லை சார். அளவுக்கு மீறின டீப் பழக்கம், தூக்கமின்மை, கை நடுக்கம், ரத்த அழுத்தம். நிறுத்தினப்புறம் தவிப்பு வேற இருக்காம்." கொஞ்சம் தயங்கினாள். "சார், நீங்க டாக்டர்கிட்ட துப்பறதைச் சொல்லலையா?"

"அவங்க கேக்கலையேம்மா!"

அந்தப் பக்கம் ஆபீஸே சிரிக்கிற சத்தம் கேட்டது. அவளும் சிரித்துவிட்டு, பிறகு அடங்கிய குரலில் சொன்னாள். அதே டாக்டர் மாற்றி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு மாதம் முடிகிறது. அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். திட்டுவாள் என்று தயாராக நின்றேன். திட்டினால் பதில் சொல்லலாம், நடுவில் ஒரு ஜோக் அடிக்கலாம், பிழைத்துக்கொள்ளலாம். அவள் திட்டவில்லை. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தவள், மூட்டில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "உடுங்க. ரெண்டு வருசந்தானே. பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிக்கலாம்" என்றாள்.

சாயங்காலம் அவள் குப்பையைக் கொட்டப் போனாள். புது வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கச் சிமெண்டுப் படிகள். நான் பார்ப்பது தெரியாமல், அவள் வாளியை ஒரு படி கீழே வைத்தாள், பக்கவாட்டில் திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை இறக்கினாள், நின்றாள், அடுத்த காலை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். மறுபடி வாளி. இப்படி இரண்டு வருஷமா என்று நினைத்தபோது, என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. ஓடிப்போய் வாளியை வாங்கினேன்.

"இப்ப வந்து வாங்குங்க" என்றாள். அப்பாடா, திட்டு ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் எஸ்டேட்டுக்குப் போனேன். மேனேஜரிடம் என் வேலை என்ன, அதை எப்படிச் செய்தேன் என்று எழுதி வாங்கினேன். சிரித்துச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். அத்தோடு விட எனக்கு மனசு கேட்கவில்லை. காகிதத்தில் 'துப்புவார்' என்று இருந்தால் ஒரு டாக்டர் நம்புவாரா? நானே நம்பமாட்டேன். எனக்குப் பிறகு டீ மேக்கராக வந்தவரிடம் ஐந்து ருசிக் கோப்பைகளும் கெட்டில்களும் கரண்டியும், அன்றைக்கு அடுப்பிலிருந்து வந்த ஐந்து வகைத் தூளும் வாங்கி ஒரு பையில் கட்டிக்கொண்டேன்.

"நானும் வாறேன்" என்றாள் மனைவி.

"இந்த மூட்டு வலியோட எதுக்கு? அது மாடி."

"நீங்க தனியாப் போயிப் பேசறதுக்கு மூட்டு வலியே தேவலைங்க. அங்க போயி வாயைத் தொறந்தா துப்பறதுக்கு மட்டும் தொறங்க."

பஸ்ஸில் பையைப் பார்த்த கண்டக்டர், "ஏனுங்ணா, குன்னூர்ல டீக்கடை போடறீங்களா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "ரெண்டு குன்னூர் குடுங்க" என்று முடித்துவிட்டாள். பயிற்சி அப்போதே ஆரம்பமாகிவிட்டது.

பரிசோதனை நிலையத்தின் மாடிப்படியில் அவள் நான்கு இடத்தில் நின்றாள். டாக்டர் மேனேஜர் கடிதத்தைப் படித்தார், குல்லாவைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எண்பதையுமா துப்பிடுவீங்க?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஒண்ணுகூட உள்ள போகாதா?"

மறுபடி ஆட்டினேன்.

"ஏன் பேச மாட்டேங்கறார்?" என்று டாக்டர் என் மனைவியிடம் கேட்டார்.

"நான்தானுங்க பேச வேண்டாம்னு சொன்னேன். போன தடவை பேசித்தான் இங்க வந்து நிக்கறோம். காட்டச் சொல்லுங்க, பண்ணிக் காட்டுவாரு."

நர்ஸ் அக்கா கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்தார். டாக்டர் மேஜையிலேயே ஐந்து கோப்பைகளைப் பரப்பி, கெட்டில்களில் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடி, நேரம் பார்த்து வடித்தேன். கதவிடுக்கில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் நான்கைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். கரண்டியை எடுத்தேன். சர்ரென்று உறிஞ்சினேன். சத்தத்தில் டாக்டர் தூக்கிவாரிப் போட்டதுபோல் பின்னால் சாய்ந்தார். பெருமையோடு நாக்கில் உருட்டி, வழக்கம்போல இடது பக்கம் திரும்பினேன்.

ஃபேக்டரியில் துப்புகிற தொட்டி எனக்கு எப்போதும் இடது கைப் பக்கம். கழுத்து பழகிப்போன வழி அது. இங்கே இடது பக்கம் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

முழுங்கிவிட்டேன்.

"முழுங்கிட்டீங்க" என்றார் டாக்டர்.

"உங்களைக் காப்பாத்தறதுக்குத்தானுங்க" என்றேன். மனைவி தொடையில் கிள்ளினாள்.

முதலில் நர்ஸ் அக்காவுக்குத்தான் சிரிப்பு வந்தது. கதவிடுக்கில் இருந்தவர்களுக்குப் பரவி, கடைசியில் டாக்டருக்கும் வந்தது. எழுந்து என் வலது பக்கம் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார், ஒரு அடி தள்ளியே. இடது பக்கம் மூலையில் இருந்த சிவப்புத் தொட்டியை நான் இழுக்க, "ஐயோ, அதுல வேண்டாம், அது போட்ட ஊசியை எறியற தொட்டி!" என்று கத்தினார். தரை துடைக்கிற வாளி வந்தது.

அப்புறம் எனக்கு யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோயிற்று. உறிஞ்சல், உருட்டல், துப்பல். கழுத்து தானே திரும்பியது, வாளியின் நடுவில் சொட்டு சிதறாமல் விழுந்தது. இரண்டாவது சுமார். மூன்றாவது நன்றாக வந்திருந்தது. நான்காவதில் கருகல் அடித்தது. "பாரு, அடுப்புச் சூட்டை ஏத்தி விட்டிருக்கான்!" என்று செல்போனை எடுத்துவிட்டேன். என் இடத்துக்கு வந்தவரை அங்கேயே கூப்பிட்டுத் திட்டிவிடுவது என்று.

"ஏனுங்க!" என்றாள் மனைவி. செல்போன் பைக்குள் போயிற்று.

டாக்டருக்கு ஆசை வந்து ஐந்தாவது கோப்பையைத் தானே முயன்று பார்த்தார். உறிஞ்சும்போது புரையேறி, கண்ணில் நீர் வந்து, என் மனைவி எழுந்து அவர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அந்த அதிகாரம் மூட்டு நோயாளிகளுக்கு உண்டு போலிருக்கிறது.

மூச்சு வந்ததும், "சரி, இதெல்லாம் துப்பினது. உண்மையில குடிக்கற டீ எத்தனை?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா" என்றாள் மனைவி. "ஊட்டுல இவரு குடிக்கறது காப்பிங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இது எஸ்டேட்டில் யாருக்கும் தெரியாத சங்கதி. காப்பிக் கொட்டையைக் கூட இருட்டினபிறகு வறுக்கச் சொல்கிறவன் நான்.

"எத்தனை?"

"மூணுங்க" என்றாள்.

அது சரியான கணக்குத்தான். டாக்டர் எழுதிக்கொண்டார். என்னை வெளியே பெஞ்சில் அரை மணி நேரம் வாய் மூடி உட்கார வைத்து, பிறகு ரத்த அழுத்தம் பார்த்தார். இறங்கியிருந்தது. பேசாமல் இருந்தால் எனக்கு ரத்த அழுத்தமே கிடையாது என்று அன்றைக்குத்தான் விஞ்ஞானபூர்வமாக நிரூபணமாயிற்று. என் மனைவி இதை இன்றுவரைக்கும் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாங்கள் எழுந்தபோதுதான் டாக்டர் அவள் நடப்பதைக் கவனித்தார். உட்கார வைத்து மூட்டைத் தொட்டுப் பார்த்தார். "இதை வெச்சுக்கிட்டா மாடி ஏறி வந்தீங்க?"

"இவரைத் தனியா அனுப்பற தைரியம் எனக்கு இல்லீங்க."

டாக்டர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அங்கேயே கம்ப்யூட்டரில் மாற்றி எழுதி, எங்கள் முன்னாலேயே அனுப்பினார். வியாழக்கிழமை மத்தியானம் கம்பெனி ஆபீஸ் பெண் போன் பண்ணினாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போடவில்லை. ஆனாலும் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓகே ஆயிருச்சு சார்" என்று கேட்டதும் நான் தலையாட்டினேன். அவள் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். பற்றவைக்க மூன்று குச்சி ஆயிற்று. பிரீமியத்தைக் கட்டினேன். கட்டும்போது கொஞ்சம் கை நடுங்கியது உண்மைதான், டாக்டரிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதமே கோயம்புத்தூரில் ஆபரேஷன். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி உள்ளே போகும்போது என்னைக் கிட்டே வரும்படி சைகை காட்டினாள். உருக்கமாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று காதைக் கொண்டுபோனேன். "நான் வெளிய வர்ற வரைக்கும் இன்சூரன்சுக்காரங்க யாராச்சும் வந்து கேட்டா, ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அப்படியே சொன்னேன். ஒரு இளைஞர் வந்து நான்கு கேள்வி கேட்டார். மூன்று ஆமாம், ஒரு இல்லை. செலவுப் பணம் முழுக்க இன்சூரன்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விட்டது. மறுநாள் நடைப் பயிற்சியாளர் வந்து அவளைப் பிடித்து நிற்க வைத்தார். அவள் தரையை ஏதோ புதுச் சாமான் மாதிரி பார்த்தாள். வலித்தது, அழுதாள், பயிற்சியாளரைக் கோபிச்செட்டிபாளையம் பாஷையில் வைதாள், நடந்தாள்.

போன மாதம் இத்தலாரில் அவளுடைய சித்தப்பா மகன் புதுமனை புகுவிழா. பஸ்ஸை விட்டு இறங்கினால் கேரட் காட்டுக்கு நடுவில் ஒரே ஏற்றமாகப் பாதை. கூட வந்த பெண்களோடு அவள் பேசிக்கொண்டே கிளம்பிவிட்டாள். பாதி ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

மேலே திருப்பத்தில் யாரோ அவளைக் கேட்பது கேட்டது. "ஏனுங்கக்கா, அண்ணனைக் காணோமே?"

"வருவாருங்க. வழியில பேசறதுக்கு ஆளு கெடைச்சிருக்கும்."

என் பக்கத்தில் ஒரு எருமை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு இல்லை. அதற்குள் அவள் சேலை திருப்பத்தைத் தாண்டிவிட்டது.